லுகொஷி பேலா: அக்டோபர் மாதப் பார்வைக் குறிப்புகள்

அக்டோபர் 5, 2025

98 வருஷத்துக்கு முன் இதே நாளில் நியூயார்க் ஃபுல்டன் தியேட்டரில், ரத்தம் குடிக்கும் பிரபுவின் கதையான ‘டிராகுலா’ நாடகம் அரங்கேறியது. பிரபுவாக நடித்தவர் ஹங்கேரிய நடிகர் லுகொஷி பேலா. பிராட்வேயில் 261 காட்சிகள் நடந்தன. அதன் பிறகு ஊர் ஊராகப் போனார்கள். லுகொஷியின் ஆங்கிலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிரபுவின் மேலங்கிக் காலரைக் கவனிப்பதே இல்லை. இங்கிலாந்தில் ஹாமில்டன் டீன் இந்த நாடகத்தைப் போட்டபோது பிரபு மாயமாக மறைய வேண்டியிருந்தது. நடிகர் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். தூக்கி நிற்கும் காலர் பின்தலையை முழுக்க மறைத்துவிடும். மற்றவர்கள் பாய்ந்து பிடிக்கும்போது அங்கியிலிருந்து நழுவி, மேடைப் பலகையில் வெட்டியிருக்கும் கதவு வழியே கீழே இறங்கிவிடுவார். பிடித்தவர் கையில் வெறும் துணிதான் மிஞ்சும். காலர் தாழ்ந்திருந்தால் தலை காணாமல் போவது கடைசி வரிசைக்கும் தெரிந்துவிடும். மறைவதற்காக வெட்டிய துணி, பிறகு அந்தப் பாத்திரத்துக்கே அடையாளமாகிவிட்டது.

அக்டோபர் 7

பெயர். பிறந்தது 1882 அக்டோபர் 20, லுகொஷ் என்ற ஊரில். அன்று ஹங்கேரி, இன்று ருமேனியா. இயற்பெயர் பிளாஷ்கோ. ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைப்பார்கள், அதனால் பிளாஷ்கோ பேலா. ‘லுகொஷி’ என்றால் லுகொஷ் ஊர்க்காரர். நம் நடிகர்கள், புலவர்கள் பலர் ஊர்ப்பெயரைச் சுமப்பதுபோலத்தான். ‘லுகோசி’ என்று எழுதுவது தவறு. ஹங்கேரிய மொழியில் ‘s’ எழுத்துக்கு ‘ஷ’ ஒலி.

அக்டோபர் 8

டெமெஷ்வார், டெப்ரெட்சென், செகெட் என்று வெளியூர் மேடைகளில் முதல் பத்தாண்டு. செகெடில் ரோமியோ. டெப்ரெட்சென் பாஷன் நாடகத்தில் இயேசு வேடம். அதன் புகைப்படத்தில் தாடியும் நீள்முடியுமாக இருப்பவரை டிராகுலாவாக நினைத்துப் பார்ப்பது கஷ்டம். 1913இல் புடாபெஸ்ட் தேசிய நாடக அரங்கு. அங்கே நட்சத்திரமாக இருந்ததாக அவரே அமெரிக்காவில் சொல்லிக்கொண்டார். உண்மையில் பெரும்பாலும் துணை வேடங்கள்தான். நடுவில் முதல் உலகப் போரில் காலாட்படை, காயம், 1916இல் விடுவிப்பு. 1917இல் மௌனப் படங்கள், ‘ஆரிஸ்டிட் ஓல்ட்’ என்ற புனைபெயரில். 1919இல் நடிகர் சங்கத்தைக் கட்டி எழுப்ப ஓடியாடினார். பேலா குன் தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசு விழுந்ததும் வியன்னாவுக்குத் தப்ப வேண்டியதாயிற்று, அங்கிருந்து பெர்லின். சங்க வேலைதான் அவரை நாட்டைவிட்டுத் துரத்தியது. அப்படியிருந்தும் ஹாலிவுட்டில் திரை நடிகர் சங்கம் உருவானபோது ஆரம்ப உறுப்பினர்களில் ஒருவராகச் சேர்ந்தார். இந்த ஒன்றுக்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

அக்டோபர் 12

1931இல் வந்த ‘டிராகுலா’ படம், இரண்டாவது முறை, காட்சியை விட்டுவிட்டுக் காதால் மட்டும்.

ஹங்கேரிய மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில் விழும். நெடில் எங்கே வேண்டுமானாலும் வரலாம். அழுத்தத்துக்கும் நீளத்துக்கும் சம்பந்தமில்லை. குறில் நெடில் அறிந்த நமக்கு இது உடனே பிடிபடும்: ‘கொர்’ என்றால் வயது, ‘கோர்’ என்றால் நோய். ஆங்கிலத்திலோ அழுத்தம் விழாத உயிரெழுத்து தேய்ந்து கரைந்துவிடும். லுகொஷி எதையும் கரைய விடுவதில்லை. ஒவ்வொரு அசைக்கும் முழு மாத்திரை கொடுக்கிறார். அதனால் வாக்கியம் நீள்கிறது, கேட்பவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தான் ஒருபோதும் குடிப்பதில்லை என்று சொல்லி நிறுத்தி, பிறகு ‘வைன்’ என்று சேர்க்கும் இடத்தை 3 முறை கேளுங்கள். அந்த இடைவெளியில் அவர் தடுமாறவில்லை. கடைசி வரிசை வரை சொல் போய்ச் சேரட்டும் என்று காத்திருக்கும் மேடைப் பழக்கம் அது. 1922இல் ‘ரெட் பாப்பி’ நாடகத்துக்கு ஆங்கில வசனத்தை ஒலி ஒலியாக மனப்பாடம் செய்தவர். ‘வேடிக்கையான உச்சரிப்பு’ என்று இதை ஒதுக்குவது அநியாயம்.

கண்களில் விழும் ஒளி: ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட். முகத்தை மங்கலாக விட்டு, பென்சில் தடிமனில் குறுக்கிய ஒளிக்கற்றைகளைக் கண்கள்மேல் மட்டும் விழவைத்தார்கள். கற்றை அவ்வளவு குறுகல் என்பதால் தலை கொஞ்சம் அசைந்தாலும் ஒளி புருவத்துக்கு ஏறிவிடும். அந்த ஷாட்டுகளில் அவர் சிலையாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சம்பளம் வாரத்துக்கு 500 டாலர், 7 வாரம், ஆக 3,500 டாலர். அதே செட்டில் இரவு நேரத்தில் வேறு குழுவும் வேறு நடிகர்களும் ஸ்பானிஷ் வடிவத்தை எடுத்தார்கள். கேமரா அதில் தாராளமாக நகர்கிறது. ஆனால் அங்கே லுகொஷி இல்லை.

அக்டோபர் 16

1936க்குப் பிறகு திகில் படங்கள் நின்றுபோயின, வேலை இல்லை, வீடு போயிற்று. 1938இல் பழைய ‘டிராகுலா’வையும் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’னையும் ஒரே டிக்கெட்டில் மறுபடி ஓட்டியபோது கூட்டம் குவிந்தது, அதன் பலன்தான் ‘சன் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன்’ (1939). அதில் அவர் இகோர். தூக்கிலிட்டும் சாகாமல் கழுத்து முறிந்து கோணிப்போனவன். மேலங்கி இல்லை, பிரபுத்தனம் இல்லை. அழுக்குத் தாடி, கரகரத்த குரல், குறும்பு. என் கணிப்பில் அவருடைய மிகச் சிறந்த திரை வேடம் இதுதான்.

அக்டோபர் 20

பிறந்த நாள். 1943இல் வந்த ‘ஃப்ராங்கன்ஸ்டைன் மீட்ஸ் த வுல்ஃப் மேன்’. இதைத் தனியாகப் பார்க்காதீர்கள். 1939, 1942, 1943 படங்களை வரிசையாகப் பாருங்கள். 1942 படமான ‘கோஸ்ட் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன்’ முடிவில் இகோரின் மூளையை, ஃப்ராங்கன்ஸ்டைன் உருவாக்கிய அரக்கனுக்குப் பொருத்துகிறார்கள். ரத்த வகை சேராததால் பார்வை போகிறது. ஆகவே அடுத்த படத்தில் அரக்கன் குருடன், இகோரின் குரலில் பேசுபவன். அந்த அரக்கனாக லுகொஷி அப்படித்தான் நடித்தார்: கைகளை முன்னால் நீட்டித் துழாவி நடந்தார், வசனமும் பேசினார். படத்தொகுப்பில் அரக்கனின் வசனம் முழுவதையும் வெட்டினார்கள். குருடன் என்ற குறிப்பும் அதோடு போயிற்று. காரணம் போய்விட்டது, நடை மட்டும் திரையில் நிற்கிறது. சில ஷாட்டுகளில் உதடு அசையும், ஒலி வராது. பார்ப்பவர்களுக்கு அது மோசமான நடிப்பாகத் தெரிந்தது. பிறகு கைநீட்டி நடப்பதே எல்லா அரக்கர்களுக்கும் பொதுவாகிவிட்டது. படப்பிடிப்பின்போது அவருக்கு 60 வயது; கடினமான இடங்களில் சண்டைக் கலைஞர் ஈடு செய்தார்.

அக்டோபர் 24

கடைசிக் காலம் சுருக்கமாக. நரம்பு வலிக்கு மருந்தாகத் தொடங்கிய மார்ஃபின் பழக்கமாயிற்று. 1955இல் தானே முன்வந்து நார்வாக் அரசு மருத்துவமனையில் சேர்ந்து, சிகிச்சை முடித்து வெளியே வந்தார். பலர் மறைத்துவைத்த விஷயத்தை அவர் வெளிப்படையாகச் சொன்னார். 1956 ஆகஸ்ட் 16 மறைவு. மேலங்கியோடு அடக்கம் செய்தார்கள்.

அக்டோபர் 26

தேடுபவர்களுக்கு ஒன்று. 1930இல், ‘டிராகுலா’ படத்துக்கு முன், ‘கிங் ஆஃப் ஜாஸ்’ இசைப் படத்தின் ஹங்கேரிய வடிவத்துக்கு லுகொஷிதான் தொகுப்பாளர். தாய்மொழியில் பேசி, பாடல்களை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்தார். மூல ஆங்கில வடிவம் மீட்டெடுக்கப்பட்டு இன்று பார்க்கக் கிடைக்கிறது. ஹங்கேரியப் பிரதி கிடைக்கவில்லை.