அவள் உயிரோடு இருக்கட்டுமே

"அவ செத்தாத்தான் அவன் நல்லவனாக முடியுமாங்க தம்பி?" என்று அந்த அக்கா போனில் கேட்டார். நான் உடனே பதில் சொல்லிவிட்டேன். சொன்னது சரியென்றுதான் இப்போதும் படுகிறது. ஆனால் அதை மறுபடி மறுபடி வேறு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

குடும்ப நாவல்களைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவது என் வேலை. அக்கா அனுப்பிய கதையின் நாயகன் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவன். ஆறு வயது மகளை ஒற்றை ஆளாக வளர்க்கிறான். மனைவி பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். சண்டை, அடிதடி எதுவும் இல்லை. இருவரும் பேசி, இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் பரஸ்பர சம்மதத்தோடு விலகியவர்கள். ஊருக்கு மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி அவன்மேல் ஆசைப்படுகிறாள். நான் கேட்டது ஒரே ஒரு மாற்றம்தான்: முதல் மனைவி இறந்துபோனதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கதை நன்றாக இருந்ததால்தான் கேட்டேன். புழு நாலாவது தடவை தோல் உரித்தபின் வரும் கடைசி வாரத்தை அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார். மொத்த இலையில் பெரும்பங்கை அந்தச் சில நாட்களில்தான் புழு தின்று தீர்க்கும். அப்போது தழை வெட்டுகிறவனுக்கு ராத்திரி, பகல் கிடையாது. அந்த வாரத்தில்தான் அவன் மகளுக்கு ரெட்டை ஜடை பின்னி, ரிப்பன் கட்டி, பள்ளி வேனுக்கு அனுப்புகிறான். ஒரு நாள் ஜடை கோணலாகிவிடுகிறது, பிள்ளை அழுகிறது, அவன் அவிழ்த்து மறுபடி பின்னுகிறான். அங்கே தழை வாடிக்கொண்டிருக்கிறது. நாயகி மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு வருகிறாள். பூவாசம் புழுவுக்கு ஆகாதென்று அவளைக் கொட்டகை வாசலிலேயே நிறுத்திவிடுகிறான். அடுத்த நாள் அவள் பூவில்லாமல் வருகிறாள். காதலை இதைவிட நன்றாகச் சொல்ல என்னால் முடியாது.

சரி, பிறகு ஏன் மாற்றச் சொன்னேன்? என் காரணம் இதுதான். பெற்ற தாய் உயிரோடு இருந்தால் வாசகி அவளை மறக்க மாட்டாள். அவள் எப்போது திரும்பி வருவாளோ என்ற பயத்திலேயே படிப்பாள். அதைவிட முக்கியமாக, 'பிள்ளையை விட்டுப் போனவள்' என்று அவளைத் திட்டித் தீர்ப்பாள். அவன் எவ்வளவு நல்லவனோ அவள் அவ்வளவு கெட்டவளாகிவிடுவாள். இறந்தவளை யாரும் திட்டப் போவதில்லை. அவளைக் காப்பாற்றத்தான் சாகச் சொன்னேன் என்று அக்காவிடமே சொன்னேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவளைத் திட்டுறது வாசகிங்களா, நீங்களாங்க?" என்றார்.

அவர் எதையும் யோசிக்காமல் எழுதவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து சிறார், காப்பாளர் சட்டப்படி ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்கும். கதையில் பிரியும்போது பிள்ளைக்கு நாலு வயது. அப்பாரும் ஆத்தாவும், அதாவது தாத்தாவும் பாட்டியும், இல்லாமல் பிள்ளை தூங்காது என்பதால் தாயே மனமொப்பி விட்டுக்கொடுக்கிறாள். கோர்ட்டு வராந்தாவில் அவள் பிள்ளையின் தண்ணீர் பாட்டிலை மூடி அவன் கையில் கொடுக்கிற இடம் இருந்தது. அதை எடுத்துவிட்டோம். செத்தவள் கோர்ட்டுக்கு வர முடியாதே.

நான் பிடிவாதக்காரன் அல்ல. பத்து வருடங்களாக வாசகர் கடிதங்களைப் படிக்கிறவன். எது வாசகர் மனதில் நிற்கும், எது நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. நாயகி விவாகரத்தானவளாக, கையில் பிள்ளையோடு வரும் கதைகளை நானே எத்தனையோ அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். புருஷன் குடிகாரன் என்று ஒரு வரி இருந்தால் போதும், யாரும் மேலே கேட்பதில்லை. ஆணுக்கு மட்டும் ஏன் மாலை போட்ட போட்டோ வேண்டியிருக்கிறது? 2018 டிசம்பரில் மத்திய அரசு, பிள்ளையைத் தனியாக வளர்க்கும் ஆண் ஊழியருக்கும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டென்று விதியை மாற்றியது. மணமாகாதவர், மனைவியை இழந்தவர், விவாகரத்தானவர் மூவரையும் ஒரே வரியில் சேர்த்தது. விடுப்பு விதியில் சேர முடிந்தவன் காதல் கதையில் சேர முடியாமல் போனான்.

எங்கள் பக்கத்திலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து, பிள்ளைக்கு ஹோம்வொர்க் சொல்லிக்கொடுத்து, காலையில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்புகிறவர்கள். ஊர் அவர்களைக் கேட்கிற முதல் கேள்வி, "அவ ஏன் போனா?" என்பதுதான். அந்தக் கேள்விக்குக் கதையிலாவது ஒருத்தன் பதில் சொல்லாமல் தலை நிமிர்ந்து நடந்திருக்கலாம். நடக்க விட்டிருந்தால் புத்தகம் விற்றிருக்குமா? விற்றிருக்காது என்றுதான் தோன்றுகிறது. விற்காத புத்தகத்தில் அவன் யாருக்காக நிமிர்ந்து நடப்பான்?

புத்தகம் நன்றாகப் போனது. இரண்டாம் பதிப்பு பேச்சு வந்ததும் நானே அக்காவைக் கூப்பிட்டேன். வேண்டுமானால் பழையபடியே போடலாம், கோர்ட்டு வராந்தாவையும் சேர்த்துவிடலாம் என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"வேண்டாங்க தம்பி. அவளுக்காக அழுதோம்னு எத்தனை பேரு எழுதியிருக்காங்க. ஒருத்தர் அவ பேரையே பேத்திக்கு வெச்சிருக்காருங்க. இப்பப் போயி அவ பெங்களூர்ல இருக்கான்னு எப்படிங்க சொல்றது?"

உங்கள் கதை, நீங்கள் சொல்வதுதான் என்றேன். "அப்ப ஏனுங்க இதைச் சொல்லல?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நலம் விசாரிக்கிற குரலில்தான் கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் அட்டைப்படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவரும் அதைப் பற்றியே பேசினார். அச்சுப் பிழைகளை மட்டும் திருத்தி அந்த வாரமே அனுப்பிவிட்டோம்.