ஊட்டி ரயில்ல ஒரு பர்த்டே

பையனுக்கு நாலு வயசு ஆகப்போகுது, என்ன தீம்டான்னு கேட்டா ஒரே பதில்தான், ரயில். கடையில விக்கிற கார்ட்டூன் ரயில் செட்லாம் எனக்கு என்னவோ பிடிக்கல, 1908லேருந்து ஊட்டிக்கு ஓடிட்டு இருக்கிற நம்ம மலை ரயில் இருக்கும்போது அது எதுக்கு?

அட்டைப்பெட்டிக்கு நீலமும் க்ரீமும் பெயிண்ட் அடிச்சு கயித்துல கோத்தா பெட்டி ரெடி. இன்விடேஷன் பழைய அட்டை டிக்கெட் மாதிரி, வாசல்ல தாத்தா பஞ்ச் பண்ணி உள்ள விடுவார். ஹால் கல்லார், பெட்ரூம் குன்னூர், பால்கனி ஊட்டி. கல்லார்லேருந்து குன்னூர் ஏறும்போது நிஜ எஞ்சின் முன்னாடி இழுக்காது, பின்னாடி இருந்து தள்ளும், அதனால இங்கயும் பெரியப்பா பையன்தான் கடைசில நின்னு தள்ளணும், அவனுக்கு இப்பவே ஒரே கெத்து. டைனிங் டேபிள் மேல கறுப்பு போர்வை போட்டா குகை, உள்ள தவழ்ந்துக்கிட்டே கூ-ன்னு கத்தலாம்.

சாப்பாடு மினி இட்லி, ஊட்டி வர்க்கி, கேக், போதும்.

கேஸ் பலூன் மட்டும் கண்டிப்பா கிடையாது, நிறைய இடத்துல ஹைட்ரஜன்தான் அடைக்கிறாங்க, பக்கத்துலயே மெழுகுவத்தி வேற.

ரிட்டர்ன் கிஃப்ட்டா ஆளுக்கொரு விசில் குடுக்கலாம்ங்கிறார் வீட்டுக்காரர். அபார்ட்மெண்ட்ல இருந்துக்கிட்டு விசிலாம்!