பெயிண்ட் அடிக்காத அலுமினியமும் நம்ம உப்புக்காத்தும்

எங்க ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம். கொண்டல்காத்து அடிச்சா வேதாரண்யத்து உப்பு வாசல் வரைக்கும் வந்துடும். நான் பாத்துப்பாத்து கட்டுன ஜீப்புல ஃபுட்போர்டுல போட்ட செக்கர் ஷீட்டு (மேடு மேடா டிசைன் போட்ட தகடு), இன்ஜின் மேல் மூடியான வால்வு கவரு, நாலு வீலு எல்லாமே பெயிண்ட் இல்லாத வெறும் அலுமினியம், அது பளபளன்னு நிக்கிற அழகே தனி.

அலுமினியம் துருப்பிடிக்காதுன்னு சொல்லுவாங்க, அது பாதி தான் உண்மை. காத்து பட்டதுமே மேல சில நானோமீட்டர் கனத்துக்கு ஒரு ஆக்சைடு படலம் உக்காந்துக்கும், காவலுக்கு அது மட்டும்தான். உப்புல இருக்கிற குளோரைடு அந்தப் படலத்த புள்ளி புள்ளியா துளைச்சிடும்.

போன சம்பாவுக்கு சித்தப்பா பொட்டாஷ் மூட்டை ஏத்திட்டுப் போனாரு. "உரமூட்டை தானேப்பா, தொடச்சா போச்சு"ன்னாரு. ஆனா பொட்டாஷும் குளோரைடு தான். ஒரு மூட்டை கிழிஞ்சு ஷீட்டுல கொட்டி, மேல தூத்தல் விழுந்து, நாலு நாள் நான் கவனிக்கல, தொடச்சுப் பாத்தா வெள்ளையா மாவு மாதிரி, அதுக்கு அடியில ஊசி குத்துன மாதிரி குழி. எந்த பாலிஷ் போட்டாலும் அந்தக் குழி நிறையாது, குழி ஆழத்துக்கு மொத்த ஷீட்டையும் தேய்ச்சு இறக்கணும்.

வீலு கெட்டது வேற கதை. வாட்டர் சர்வீஸ் கடை ஒண்ணுல சீக்கிரம் அழுக்கு போகட்டும்னு ஆசிட் அடிச்சிட்டாங்க, கண்ணாடி மாதிரி இருந்தது அஞ்சு நிமிசத்துல சாம்பப் பூத்துப் போச்சு, மனசே விட்டுப் போச்சு எனக்கு. பிஹெச், அதாவது ஒரு திரவம் அமிலமா காரமான்னு காட்டுற அளவு, சுமாரா 4-லேருந்து 9-க்குள்ள இருந்தா தான் அந்தப் படலம் தாங்கும். பாத்ரூம் ஆசிட், காஸ்டிக் சோடா ரெண்டுமே ஆகாது.

வீல கும்பகோணத்துல பாத்திரம் பாலிஷ் போடுற பட்டறைக்கு கொண்டு போனேன். 400 நம்பர் வாட்டர் பேப்பர்ல (உப்புத்தாள், நம்பர் ஏற ஏற நைசு) ஆரம்பிச்சு 800, 1500ன்னு தண்ணி விட்டு தேய்ச்சு, கடைசியா துணிச்சக்கரத்துல பஃபிங். சக்கரம் மட்டும் புதுசா மாட்டச் சொல்லுங்க, இரும்பு தேய்ச்ச சக்கரம்னா அந்தத் தூள் அலுமினியத்துல ஏறி பின்னாடி துருப்புள்ளியா வரும். ஸ்டீல் நார் போட்டுத் தேய்க்கக் கூடாதுங்கிறதும் இதுக்குத்தான்.

இப்ப நான் பண்றது, இன்ஜின் நல்லா ஆறுன பிறகு வெறும் தண்ணி, கொஞ்சூண்டு கார் ஷாம்பூ, பழைய வேட்டித் துணி, ஈரமே இல்லாம தொடச்சிட்டு வேக்ஸ், அவ்வளவு தான். பாலிஷ் போடுறப்ப துணி கருப்பாயிட்டே இருக்கும், அழுக்கு இன்னும் போகலன்னு விடாம தேய்க்காதீங்க, தேயுறது அலுமினியமே தான். கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பூச்சு, எனக்குப் பிடிக்கல, கல்லு பட்டு ஒரு இடம் விட்டுச்சுன்னா ஈரம் உள்ள போய் புழு ஊர்ந்த மாதிரி கோடு விழும், அப்புறம் மொத்தத்தையும் உரிக்கணும். அனோடைசிங், அதாவது கரண்ட் விட்டு அந்த ஆக்சைடு படலத்த தடிமனாக்குறது, உறுதி தான், ஆனா வார்ப்பு வீலுல சிலிகான் ஜாஸ்தி, சாம்பல் கலர் ஆயிடும்.

போல்ட்ட மறந்துடாதீங்க. எவர்சில்வர் போல்ட்டும் அலுமினியமும் உப்பு ஈரத்துல ஒண்ணா இருந்தா அரிக்கிறது அலுமினியம் தான். ஃபுட்போர்டுல நைலான் வாஷர் போட்டு மரைக்கு கிரீஸ் தடவிட்டேன், வால்வு கவர் போல்ட்டு இன்னும் பாக்கி, ஐப்பசி மழைக்குள்ள முடிக்கணும்.