ராமல்லாவின் சம்பளப் பட்டியல்

பாலஸ்தீன மேற்குக் கரையிலுள்ள ராமல்லா நகரில் ஓர் உதவி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சில காலம் வேலை பார்த்தேன். பாலஸ்தீனப் பாதுகாப்புத் துறையைச் சீர்திருத்துவது பற்றி வெளியில் பேசுகிறவர்கள் பயிற்சி, சீருடை, ஆயுதம் என்பார்கள். எனக்கு அது சம்பளப் பட்டியலாகத்தான் அறிமுகமானது.

பாலஸ்தீனத் தலைவர் அரஃபாத் காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட பாதுகாப்புப் படைகள் இருந்தன. சம்பளம் ரொக்கமாகத் தளபதியிடம் போகும், அவர் பிரித்துக் கொடுப்பார். பட்டியலில் உள்ள ஆள் நிஜமாகவே வேலைக்கு வருகிறாரா என்று யார் கேட்பது? 2002இல் நிதியமைச்சரான சலாம் ஃபயாத், அந்தப் பணத்தை நேரடியாக வீரர்களின் வங்கிக் கணக்கில் போட வைத்தார். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் சம்பளம் கொடுக்கிற கைக்குத்தானே விசுவாசம்! தளபதிகள் முரண்டு பிடித்ததில் ஆச்சரியமில்லை. அந்தச் சீர்திருத்தங்களிலேயே உருப்படியானது இதுதான் என்பேன்.

2005இல் படைகளை மூன்று பிரிவுகளாக இணைக்க, அரஃபாத்துக்குப் பின் அதிபரான அப்பாஸ் உத்தரவிட்டார். 2007இல் காஸா, அப்பாஸின் எதிரணியான ஹமாஸ் இயக்கத்தின் வசம் போன பிறகு, மேற்குக் கரைக்கான படைப்பிரிவுகள் அமெரிக்க ஜெனரல் கீத் டேட்டனின் மேற்பார்வையில் ஜோர்டானில் பயிற்சி பெற்றன. 2008இல் மேற்குக் கரை நகரமான ஜெனினில் இறங்கி ஆயுதக் கும்பல்களை அடக்கின. ஆனால் ராத்திரி இஸ்ரேலிய ராணுவம் ஊருக்குள் வந்தால் இவர்கள் நிலையத்துக்குள் ஒதுங்க வேண்டும். மக்கள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

என்னோடு வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவரின் அண்ணன் போலீஸ்காரர். 2021 கடைசியிலிருந்து அவருக்கு முழுச் சம்பளம் இல்லை. பட்டியலில் பிழை கிடையாது, வங்கிக் கணக்கும் சரி, பணம்தான் இல்லை. 1994 பாரிஸ் ஒப்பந்தப்படி பாலஸ்தீனர்களின் சுங்க வரியை வசூலித்துக் கொடுப்பது இஸ்ரேல். பாலஸ்தீனர்களின் அரசாங்கமாக இயங்கும் அதிகார சபையின் வருவாயில் பெரும்பங்கு அதுதான். அதில் பிடித்தம் செய்தால் ஃபயாத்தே திரும்பி வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம், இந்தக் கணக்கை யாரிடம் காட்டுவது? நாடாளுமன்றத் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். 2007இலிருந்தே முடங்கிக் கிடந்த அந்த அவை 2018இல் கலைக்கப்பட்டது. 2021இல் அறிவித்த தேர்தலும் தள்ளிப்போனது. அதே ஆண்டு ஜூனில், ஆட்சியை விமர்சித்துவந்த நிஸார் பனாத் பாதுகாப்புப் படையினரின் பிடியில் இறந்தார். ராமல்லாவில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். நன்கொடை நாடுகளுக்கு எங்கள் அறிக்கை ஒழுங்காகப் போனது. அந்தத் தெருவில் நின்றவர்களிடம் கணக்குச் சொல்லும்படி எந்தப் படிவத்திலும் கேட்கவில்லை.