புள்ளமங்கை: சாண் அளவு கல்லில் ராமாயணம்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில், அய்யம்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் பசுபதிகோயில் என்ற ஊர். அங்கே பஸ்ஸை விட்டிறங்கி உள்ளே நடந்தால் புள்ளமங்கை சிவன் கோயில். நான் போனது மாசியில், சம்பா அறுவடை முடிகிற நேரம். சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. வண்டிகள் மீதிப் பாதியில் ஒதுங்கிப் போயின. ஒரு பாட்டி நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்.

"ராத்திரி பனி இறங்குது தம்பி. பகல்ல காயுறது விடிஞ்சா திரும்ப ஈரமாயிடுது" என்றார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. அதற்காகத்தான் இவ்வளவு பாடும். விளைவித்தவர்களை அதை விற்கவும் இப்படி வெயிலில் நிறுத்தி வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கோயிலுக்கு வழியும் அவரே சொன்னார். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டதும் ஒரு பையன் ஓடிப்போய் குருக்களைக் கூட்டிவந்தான்.

சம்பந்தர் பாடிய தலம். இப்போதிருக்கும் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் (907–955) காலத்தது. தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010-இல். அதற்கு முந்தைய தலைமுறைகளின் கை இது. பெரிய கோயிலில் அண்ணாந்து பார்த்தே பழகிய நமக்கு இங்கே குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. சுவரின் அடிப்பகுதியில், அரைத்தூண்களுக்குக் கீழே, வரிசையாகக் குட்டிக் குட்டிச் சிற்பங்கள். ஒரு சாண்கூட இருக்காது. அதற்குள் ராமாயணக் காட்சிகள், சிவனின் ஆடல்கள். விரல், இடுப்பு வளைவு, ஓங்கிய கையின் வேகம் எல்லாம் தெரிகிறது. இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு உயிரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

தெற்கே கோஷ்டத்தில், அதாவது வெளிச்சுவர் மாடத்தில், குடைக்குக் கீழே பிள்ளையார், இருபுறமும் பூதகணங்கள். வடக்கே மகிஷன் தலைமேல் நிற்கும் துர்க்கை. ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் மான், காலடியில் தன்னையே பலி கொடுக்கும் வீரர்கள். குருக்கள் விளக்கைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். புடவை சாத்தியிருந்ததால் முழு உருவமும் தெரியவில்லை. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஊர் இன்றும் கும்பிடுகிற அம்மன் அவள்.

சக்கரப்பள்ளி சப்தஸ்தானம் என்கிற ஏழு தலங்களில் இதுவும் ஒன்று. சக்கரப்பள்ளி, அரியமங்கை, சூலமங்கை, நந்திமங்கை, பசுமங்கை, தாழமங்கை, புள்ளமங்கை என்று ஏழு ஊர். சூலமங்கை என்பது இன்றைய சூலமங்கலம்; கந்த சஷ்டி கவசம் பாடிய சூலமங்கலம் சகோதரிகளின் ஊரேதான். ஏழூர்ப் பல்லக்கு இந்த ஊர்கள் வழியாகப் போகும். சாமி வரும்போது ஒவ்வொரு ஊர் எல்லையிலும் சனம் காத்து நிற்கும் என்று குருக்கள் சொன்னபோது அவர் முகமே மாறிவிட்டது.

தஞ்சைக்கு வருகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு நேரே தாராசுரத்துக்குப் போய்விடுகிறார்கள். இடையில் இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது. நடை சாத்துவதற்குள் நிதானமாகச் சுற்றிவரலாம். அப்புறம், கையில் ஒரு டார்ச் இருக்கட்டும்.