பத்து ஆராங் ஒரு பலகைமேல்: மூன்றாம் மாதம்

நாலடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை. அதில் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்க ஊரை மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். மலேசியாவின் சிலாங்கூரில், எங்கள் பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்து ஊர்தான். ('பத்து ஆராங்னா மீதி ஆராங் எல்லாம் எங்கேப்பா?' என்று மகள் கேட்டாள். மலாயில் பத்து என்றால் கல், ஆராங் என்றால் கரி என்று விளக்கியும் சிரிப்பு நிற்கவில்லை.)

முழு ஊருக்கும் ஆசைப்பட்டேன். 1:150 அளவில் இந்தப் பலகைக்குள் 180 மீட்டர் நீளம்தான் அடங்கும். சரி, திறந்தவெளிக் குழியின் ஒரு விளிம்பு, கரி ஏற்றும் ரயில் பாதை, செங்கல் சூளையின் புகைபோக்கி, ஒரு லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடு), அவ்வளவு போதும் என்று சுருக்கிக்கொண்டேன்.

முதல் சறுக்கல் தண்டவாளத்தில். கூவாங்கிலிருந்து பிரிந்து வந்த பாதையின் அகலம் சரியாக ஒரு மீட்டர். மாதிரியில் 6.7 மில்லிமீட்டர் வர வேண்டும். நான் அவசரப்பட்டு வாங்கியதோ 9 மில்லிமீட்டர். இப்போது தீக்குச்சிக் கட்டைகள் மேல் செம்புக்கம்பி ஒட்டுகிறேன். ரயில் ஓடாது, ஆனால் பார்க்கச் சரியாக இருக்கிறது.

குன்றுக்குப் பழைய நாளிதழைக் கோதுமைப் பசையில் ஊறவைத்து ஒட்டினேன். மூன்றாம் நாள் எறும்பு, ஐந்தாம் நாள் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்குக் கடையில் விற்கும் வெள்ளைப் பசைதான் லாயக்கு. நிலக்கரிக்கு அடுப்புக்கரி மங்கலாகத் தெரிந்தது. மீன் தொட்டி வடிகட்டியில் போடும் கரியை இடித்துப் போட்டதும் மினுமினுப்பு வந்துவிட்டது.

அதை ஆசையாக உயரமாகக் குவித்து வைத்திருந்தேன். பெரியப்பா வந்து பார்த்தார். அங்கேயே வளர்ந்தவர், 1960இல் சுரங்கத்தை மூடியபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. "இவ்வளவு உயரமா குவிச்சா தானாப் பத்திக்கும்டா" என்றார். உண்மைதான், காற்றுப் பட்டால் தானே சூடேறிப் புகையும் இளம் கரி அது. குவியலைப் பாதியாகக் குறைத்தேன்.

அதைவிடப் பெரிய தலைவலி, எந்த ஆண்டைக் காட்டுவது என்பது. மலாயன் கோலியரிஸ் என்ற சுரங்க நிறுவனம் 1915இல் கரி எடுக்கத் தொடங்கியது. ரயிலும் மின் நிலையமும் ஈய லம்பங்களும் (ஈயச் சுரங்கங்களும்) அந்தக் கரியை நம்பி இருந்தன. ஜப்பான்காரன் வந்து போனான், கம்யூனிஸ்டுகளை எதிர்த்த அவசரகாலம் வந்தது, 1957இல் டீசல் எஞ்சின்கள் வந்து இறங்கின. அதன் பிறகு கரியை யார் கேட்பார்கள்? எந்த ஆண்டை எடுத்தாலும் பலகையில் ஏதாவது ஒன்று மாறும்.

கடைசியில் 1937 மார்ச் என்று முடிவு செய்தேன். அந்த மாதம்தான் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். மாத இறுதியில் போலீஸ் உள்ளே புகுந்துதான் அதை முடித்தது. எனக்கும் ஒரு வசதி, வண்டி ஓடவில்லையே என்று இனி யாரும் கேட்க முடியாது. பெட்டிகள் காலியாக நிற்கலாம்.

"எல்லாம் இருக்கு, ஆள் எங்கடா?" என்றார் பெரியப்பா. ஓர் ஆள் ஒரு சென்டிமீட்டர் உயரம். கம்பியை முறுக்கி இதுவரை பதினொரு பேர். முதல் நாலு பேர் கையில் மண்வெட்டி வைத்திருந்தேன். அதைப் பிடுங்கிவிட்டு, குழி விளிம்பில் கூட்டமாக நிற்க வைக்கிறேன். இன்னும் முப்பது பேராவது வேண்டும், என் மூக்குக்கண்ணாடியும் மாற்ற வேண்டும்.