பெட்டிக்குப் பிடித்த காசு எங்கே?

இலங்கையில் எங்கள் தோட்டத்துச் சம்பளச் சிட்டையில் ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில் காசு, அதற்குக் கீழே வீட்டில் சாவு விழுந்தால் கொடுக்கும் மரண உதவி நிதி. மாதம் தவறாமல் பிடிக்கிறார்கள். இருப்பு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை, சாவுக் காசைப் பற்றிப் பேசினால் அபசகுனமாம்.

அமெரிக்காவில் சாவுக்கு முன்கூட்டியே காசு வாங்குவது பெரிய வியாபாரம். சவப்பெட்டி, கல்லறைக் கல், குழிக்குள் இறக்கும் கொங்கிரீட் பெட்டகம் எல்லாவற்றையும் ஆள் நடமாடும்போதே விற்றுவிடுவார்கள், பொருள் கைக்கு வர இருபது முப்பது வருடம்கூட ஆகலாம். அதுவரை காசை மயானக்காரர் விழுங்கிவிடாமல் இருக்கத்தான் பல மாநிலங்களில் சட்டம் போட்டிருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் விற்ற பொருளின் விலையில் 70 சதவீதத்தைத் தனியாக நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் போட வேண்டும்.

சட்டம் இருந்தால் போதுமா என்றால், இல்லை. மிசூரியில் நேஷனல் பிரீஅரேஞ்ச்ட் சர்வீசஸ் என்ற கம்பெனி இறுதிச் சடங்குக்கென்று முன்பணம் வாங்கி வாங்கி 2008இல் கவிழ்ந்தது. அந்த மோசடியில் ஆறு பேருக்குத் தண்டனை கிடைத்தது 2013இல். அதற்குள் காசு கரைந்துவிட்டது. இந்த வியாபாரத்தில் ஏமாந்தவர் முறைப்பாடு கொடுக்க வரமாட்டார், அவர்தான் செத்துப்போய்விட்டாரே! பிள்ளைகளுக்கு ரசீது எங்கே என்றுகூடத் தெரியாது. அதனால் முறைப்பாடு வரட்டும் என்று அதிகாரி காத்திருப்பதில் அர்த்தமே இல்லை, விற்ற ஒப்பந்தங்களையும் வங்கிக் கணக்கையும் வருடா வருடம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நம் பக்கம் ஈ.பி.எப். பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், ஆனாலும் அதற்கு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, கட்டாத முதலாளியைத் தொழில் திணைக்களம் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம், காசும் மத்திய வங்கியின் பொறுப்பில் இருக்கிறது. மரண உதவி நிதிக்கு எங்கள் தோட்டத்தில் கணக்கு என்று காட்ட இருப்பது ஒரு கொப்பியும் அதில் பொருளாளரின் கையெழுத்தும்தான்.

போன மழைக்காலத்தில் பக்கத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) ஒரு பாட்டி தவறிவிட்டார். நிதியின் வங்கிக் கணக்கிலிருந்து காசு எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும், ஒருவர் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டார். அப்புறம் என்ன, மருமகள் தோட்டை அடகு வைத்துத்தான் டவுன் மலர்ச்சாலையிலிருந்து பெட்டி வந்தது. இத்தனைக்கும் பாட்டி தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்த காலமெல்லாம் கட்டியவர்.

யாரையும் கள்ளன் என்று சொல்லவில்லை. வங்கிப் புத்தகத்தின் பிரதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைக்காம்பரா (குழந்தைக் காப்பகம்) சுவரில் ஒட்டுங்கள், மூன்றாவதாக ஒருவருக்கும் கையெழுத்து அதிகாரம் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் இதைத்தான் கேட்கப் போகிறேன், தலைவர் முகத்தைச் சுளித்தாலும் சரி.